கீறியது கண்ணாடி, விலையோ திரைக்கு!

மூன்றாம் ஆண்டு மாணவி, இயற்பியல் துறை

நம் வகுப்பறையில் உள்ள கைப்பேசிகளையெல்லாம் ஒரு நாள் மேசைமேல் நிமிர்த்தி வைக்கச் சொன்னால் என்ன காண்போம்? ஒன்றில் சிலந்தி வலை பின்னியிருக்கும். ஒன்றின் மூலையிலிருந்து பல்லிவால் போல ஒரு கீற்று ஓடும். மற்றொன்றில் உடைந்த இடத்தின்மேல் செல்லோடேப் ஒட்டியிருக்கும். எங்கள் வகுப்பில் இத்தகைய திரைகளை எண்ணுவதற்கு ஒரு கை விரல்கள் போதா. "ஏன் மாற்றவில்லை?" என்று கேட்டால் எல்லாரிடமிருந்தும் ஒரே விடைதான் வருகிறது: "அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டால் புதுப் போனே வாங்கிவிடலாமே!"

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத கண்ணாடித் துண்டுக்கு இவ்வளவு விலை ஏன் என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. சன்னலுக்குக் கண்ணாடி போடுபவர் அளந்து, அறுத்து, பொருத்திச் சில நூறு ரூபாயில் வேலையை முடித்துவிடுகிறார். கைப்பேசிக்கு மட்டும் ஆயிரக்கணக்கில் கேட்கிறார்களே, ஏன்? இயற்பியல் பயில்பவள் என்ற முறையிலும், மாமல்லபுரத்தில் பிறந்து வளர்ந்தவள் என்ற முறையிலும் இவ்வினாவுக்கு விடை தேட முயன்றேன்.

மாமல்லபுரத்துக்கும் கைப்பேசிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் கல் உடைப்பதைப் பார்த்தவர்களுக்குக் கண்ணாடி உடையும் விதம் எளிதில் விளங்கிவிடும். கருங்கல்லைப் பிளக்க வேண்டுமானால் அதை முழுதும் அறுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒரே கோட்டில் சிறு சிறு குழிகள் இட்டு, அவற்றில் ஆப்பு வைத்து, வரிசையாகத் தட்டினால் கல் அக்கோட்டிலேயே வாய் பிளக்கும். குடைவரைகளைச் சுற்றியுள்ள பாறைகளில் இத்தகைய குழி வரிசைகளை இன்றும் காணலாம். (அவை எக்காலத்தவை என்ற விவாதம் வரலாற்றுத் துறையினருக்கு உரியது, நான் அதில் நுழையவில்லை.) சிலைக்குக் கல் தேரும்போதும் சிற்பிகள் முதலில் கல்லைத் தட்டி ஓசை கேட்பார்கள். மணிபோல ஒலித்தால் கல் நல்லது. ஓசை மங்கினால் உள்ளே கண்ணுக்குப் புலப்படாத கீற்று உண்டு என்று ஒதுக்கிவிடுவார்கள்.

இதே உண்மையைக் கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1921இல் வெளியான தம் ஆய்வுரையில் கணக்கிட்டுக் காட்டினார். கண்ணாடியின் அணுப் பிணைப்புகளைக் கொண்டு கணக்கிட்டால் அது இரும்பைப் போல வலிமையாக இருக்க வேண்டும். நடைமுறையிலோ மிக எளிதில் உடைகிறது. காரணம், அதன் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய கீறல்கள். கண்ணாடியை வளைக்கும்போது விசை எங்கும் பரவி நிற்காமல் கீறலின் கூரிய நுனியில் போய்க் குவிகிறது. குவிந்த விசை ஓர் எல்லையைத் தாண்டியதும் கீறல் கணப்பொழுதில் ஓடிவிடுகிறது. ஆகவே கைப்பேசி விழுந்த அன்று உடைவது போலத் தோன்றினாலும், பல வேளைகளில் அது உடையத் தொடங்கியது அதற்குப் பல நாள் முன்பே.

கைப்பேசிக் கண்ணாடி செய்பவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். அவர்கள் கண்ணாடித் தகட்டை ஏறத்தாழ 400 டிகிரி செல்சியசு வெப்பத்தில் உருகிய பொட்டாசிய உப்பில் மூழ்க வைக்கிறார்கள். கண்ணாடியில் உள்ள சோடிய அயனிகள் வெளியேறி, அவற்றின் இடத்தில் பருத்த பொட்டாசிய அயனிகள் நுழைகின்றன. மூவர் அமரும் பேருந்து இருக்கையில் நால்வர் நெருக்கியடித்து உட்காருவதைப் போல! இந்நெருக்கத்தால் மேற்பரப்பு எப்போதும் அழுத்தப்பட்ட நிலையில் இருக்கிறது. சிறு கீறல்கள் வாய் திறக்க முடியாமல் மூடியே கிடக்கின்றன. ஆனால் இக்காப்பு அடுக்கின் ஆழம் ஒரு தலைமயிரின் பருமனுக்கும் குறைவு. அதையும் தாண்டிய கீறல் விழுந்துவிட்டால் காப்பு அங்கே பயன்படாது.

இங்கேதான் எங்கள் ஊர்க் கடற்கரை வருகிறது. மணலில் மிகுந்துள்ள குவார்ட்சு, கடினத்தன்மையை அளக்கும் மோசு அளவில் 7ஆம் படியில் நிற்கிறது. கண்ணாடியோ 6க்குச் சற்று முன்னும் பின்னும். ஆதலால் மணல் கண்ணாடியைக் கீறும். சாவிக் கொத்தும் சில்லறையும் அவ்வளவாகக் கீறா. நாம் அஞ்சுவது சாவிக்கு. அஞ்ச வேண்டியதோ சட்டைப் பையின் அடியில் தங்கிய நான்கு மணல் பரல்களுக்கு. கடலோரக் காற்றின் ஈரமும் சும்மா இருப்பதில்லை. கீறலின் நுனியில் ஈரம் சேர்ந்தால், விசை குறைவாக இருந்தாலும் கீறல் மெல்ல மெல்ல வளரும். நேற்று அரை அங்குலமாக இருந்த கீற்று இன்று ஓரங்குலமானதைக் கண்டு வியந்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். வியப்புக்கு இடமில்லை, இதுவே காரணம்.

சரி, கண்ணாடிதானே உடைந்தது? அதை மட்டும் மாற்றினால் என்ன? இவ்வினாவில்தான் விலையின் இரகசியம் அடங்கியிருக்கிறது.

நம் அண்ணன்மார், அக்காமார் வைத்திருந்த பழைய பொத்தான் கைப்பேசிகளை நினைத்துப் பாருங்கள். மேலே ஒரு பிளாஸ்டிக் சாளரம். அது கீறிவிட்டால் பேருந்து நிலையத்தருகே உள்ள கடையில் புது மேலுறையே போட்டுக்கொள்ளலாம். நம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 நவம்பர் வரை இயங்கிய நோக்கியா ஆலையில் இத்தகைய கைப்பேசிகள் கோடிக்கணக்கில் உருவாயின. சுற்றுப்புற ஊர்ப் பெண்கள் பலர் அங்கே வேலை பார்த்தார்கள். பின்னர்த் தொடுதிரைக் கைப்பேசிகள் வந்தபோதும், தொடக்கத்தில் தொடு கண்ணாடி தனி, படம் காட்டும் பலகம் தனி என்றே இருந்தன. இரண்டுக்கும் நடுவே மெல்லிய காற்று இடைவெளி. கண்ணாடி உடைந்தால் 'டச்' மட்டும் மாற்றுவார்கள்; பலகத்துக்கு ஒன்றும் ஆகாது.

2010ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இந்நிலை மாறிற்று. காற்று இடைவெளியை நீக்கி, மேற்கண்ணாடியையும் பலகத்தையும் ஒளி ஊடுருவும் பசையால் ஒன்றாக ஒட்டிவிட்டார்கள். தொடு உணரியும் தனித் தகடாக இராமல் பலகத்துக்குள்ளேயே போய்விட்டது. இதனால் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். கைப்பேசி மெலிந்தது, இடையில் ஒளி சிதறாததால் நண்பகல் வெயிலிலும் எழுத்துத் தெளிவாகத் தெரிகிறது, தூசி உள்ளே புகுவதில்லை. கடற்கரைக் கோயில் வாசலில் உச்சி வெயிலில் நின்று படம் எடுக்கும் சுற்றுலாப் பயணி இந்த நன்மையை அனுபவிக்கிறார். ஆனால் அன்று முதல் கண்ணாடி உடைந்தால் உடையாத பலகத்தையும் சேர்த்தே கழற்றி எறிய வேண்டியதாயிற்று. கடைக்காரர்கள் 'காம்போ' என்று சொல்வது இந்த ஒட்டிய தொகுப்பைத்தான். கைப்பேசியின் உறுப்புகளுள் விலை மிகுந்தவற்றில் இது ஒன்று. சில நூறு ரூபாய்ப் பொருள் உடைந்ததற்கு, உடையாத சில ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்கு நாம் விலை கொடுக்கிறோம்.

கண்ணாடியை மட்டும் பிரித்தெடுக்கும் கலையும் இல்லாமல் இல்லை. சென்னை ரிச்சித் தெருப் பக்கம் சென்றால் இதைச் செய்பவர்களைப் பார்க்கலாம். சூடான தட்டின்மேல் திரையை வைத்துப் பசையை இளக்கி, நூலினும் மெல்லிய கம்பியைக் கண்ணாடிக்கும் பலகத்துக்கும் நடுவே செலுத்தி, தயிரில் ஆடை எடுப்பது போலப் பிரிக்கிறார்கள். பழைய பசையைத் துடைத்து, புதுப் பசைத் தாளும் புதுக் கண்ணாடியும் வைத்து, காற்றை வாங்கிவிட்டு அழுத்தி ஒட்டுகிறார்கள். பிறகு குமிழ்களை நீக்கும் பெட்டியில் வைக்கிறார்கள். கம்பி சற்று ஆழமாகப் போனால் பலகம் பாழ்! தானே ஒளிரும் ஓலெட் பலகங்கள் இன்னும் மெல்லியவை. ஓரம் வளைந்தவையாக இருந்தால் தொல்லை இரட்டிப்பு. ஆகவே 'உத்தரவாதம் கிடையாது' என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறார்கள். அதிகாரம் பெற்ற பழுதகங்களில் இவ்வேலையை ஏற்பதில்லை. முழுத் தொகுப்பைத்தான் மாற்றுவார்கள்.

எங்கள் வீட்டுக் கணக்கையே எடுத்துக்காட்டாகத் தருகிறேன். என் அம்மா கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில் சங்கு, சிப்பி மாலைகள் விற்பவர். இப்போது ஐந்து ரூபாய்ச் சோழிக்கும் வாடிக்கையாளர்கள் கைப்பேசியில்தான் பணம் அனுப்புகிறார்கள். பணம் வந்ததா என்று பார்க்க அம்மாவிடமும் திரை தெளிவாக இருக்க வேண்டும். சென்ற கோடை விடுமுறைக் கூட்டத்தில் யாரோ இடித்ததில் கைப்பேசி கருங்கல் படியில் விழுந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் 9,500 ரூபாய்க்கு வாங்கியது. சென்னையில் உள்ள அதிகாரம் பெற்ற பழுதகத்தில் வரியும் கூலியும் சேர்த்து 4,100 ரூபாய் என்றார்கள். போய்வரும் செலவும் ஒரு நாள் வியாபாரமும் தனி. செங்கற்பட்டில் ஒரு கடையில் 'காம்போ' 2,200 ரூபாய். இன்னொரு கடையில் கண்ணாடி மட்டும் 1,300 ரூபாய், உத்தரவாதம் இல்லை. அதே கைப்பேசியைப் பழைய விலைக்கு எடுப்பவர் திரை நன்றாக இருந்தாலே 2,500 ரூபாய்தான் கொடுப்பாராம்!

இவ்வெண்களைப் பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கிற்று. 8,000 ரூபாய்க் கைப்பேசியின் திரையும் ஏறத்தாழ ஆறரை அங்குலம். 80,000 ரூபாய்க் கைப்பேசியின் திரையும் ஏறத்தாழ அவ்வளவே. விலை உயர்ந்ததன் பலகம் தரத்தில் மேம்பட்டது. அதன் திரைக்கு ரூபாய்க் கணக்கில் அதிகமாகவே கொடுக்க வேண்டும். ஆனால் விலை பத்து மடங்கு ஆவதைப் போலத் திரையின் விலையும் பத்து மடங்கு ஆவதில்லை. எனவே கைப்பேசி மலிவாக இருக்க இருக்க, அதன் விலையில் திரையின் பங்கு பெரிதாகிக்கொண்டே போகிறது. மேலும், கைப்பேசியின் மதிப்பு ஆண்டுதோறும் சரியாகப் பாதியாகிறதோ என்று எண்ணும்படி குறைகிறது. திரையின் விலை அப்படிக் குறைவதில்லை. 'புதிதே வாங்கிவிடலாம்' என்ற பேச்சு பணக்காரர் வீட்டில் பிறந்ததன்று. மலிவான கைப்பேசி வைத்திருப்பவரை இக்கணக்கு அங்கே கொண்டு தள்ளுகிறது.

நம்மில் அரசுப் பள்ளிகளில் பயின்று வந்த மாணவியர் 2022 செப்டம்பரில் தொடங்கிய 'புதுமைப் பெண்' திட்டத்திலும், மாணவர் 2024 ஆகத்தில் தொடங்கிய 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்திலும் திங்கள்தோறும் 1,000 ரூபாய் பெறுகிறோம். அப்படிப் பார்த்தால் ஒரு திரை என்பது நான்கு திங்கள் உதவித்தொகை. உதவித்தொகை விண்ணப்பத்துக்கு வரும் கடவு எண்ணைக்கூட உடைந்த திரையில் பாதி ஊகித்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு தோழி சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

நாங்கள் செங்கற்பட்டுக் கடையில் 2,200 ரூபாய்க்கே மாற்றினோம். கடைக்காரர் முதலில் சீட்டுத் தர விரும்பவில்லை. 'மூன்று திங்கள் உத்தரவாதம்' என்று எழுதித் தந்தால்தான் வேலை கொடுப்போம் என்று அம்மா உட்கார்ந்துவிட்டார். அது நல்லதாயிற்று. ஏழாம் வாரம் திரையின் மேற்பகுதி விரலுக்குப் பணிய மறுத்தது. சீட்டைக் காட்டியதும் வேறு தொகுப்பு பொருத்தித் தந்தார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி விற்ற பொருளுக்கோ செய்த வேலைக்கோ சீட்டுத் தர மறுப்பது முறையற்ற வணிகம். முறையிட 1915 என்ற எண் இருக்கிறது. இதை நம் வணிகவியல் துறை நண்பர்கள் என்னைவிட விரிவாகச் சொல்வார்கள்.

ஒரே கைப்பேசிக்கு மூன்று கடையில் மூன்று விலை இருப்பதற்கும் காரணம் உண்டு. கம்பெனி தன் பழுதகங்களுக்கு அனுப்பும் தொகுப்பு ஒன்று. பழைய கைப்பேசிகளிலிருந்து கழற்றி, கண்ணாடி மட்டும் புதிதாக ஒட்டியது மற்றொன்று. வேறு ஆலைகள் அதே அளவில் செய்து விற்பது இன்னொன்று. கடைசியாகச் சொன்னதைக் கடைகளில் 'காப்பி' என்பார்கள். ஓலெட் திரை இருந்த இடத்தில் மலிவான எல்சிடி திரையைப் பொருத்துவதும் உண்டு. ஒளி மங்கும், சற்றுத் தடித்திருக்கும், மின்கலம் விரைவில் தீரும். எல்லாமே கண்ணுக்கு ஒன்றுபோல இருப்பதால், எது என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குவது ஒன்றே வழி. சில கம்பெனிகளின் கைப்பேசிகள் தம் திரை மாறியதைத் தாமே கண்டுகொள்ளும். ஆப்பிள் கம்பெனி 2019இல் வெளியிட்ட ஐபோன் 11 முதற்கொண்டு, வெளியில் வாங்கிய திரையைப் பொருத்தினால் அது மெய்யான உறுப்புத்தானா என்று தெரியவில்லை என அறிவிப்புக் காட்டத் தொடங்கிற்று. 2021இல் வந்த ஐபோன் 13இல் வெளிக் கடையில் திரை மாற்றினால் முகம் பார்த்துத் திறக்கும் வசதியே நின்றுபோயிற்று. பெரும் எதிர்ப்பு எழுந்த பின்னரே மென்பொருளில் அதைத் திருத்தினார்கள்.

வரியையும் சொல்ல வேண்டும். கைப்பேசிக்கும் அதன் குறிப்பிட்ட உறுப்புகளுக்கும் 2020 ஏப்ரல் முதல் சரக்கு, சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 18 ஆயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் வெளிநாட்டிலிருந்து வரும் திரைத் தொகுப்புக்கு 10 விழுக்காடு சுங்கவரி விதிக்கப்பட்டது. பலகங்கள் பெரும்பாலும் சீனாவிலும் தென்கொரியாவிலும் உருவாகின்றன. அவற்றை இங்கேயே செய்யத் தூண்டுவதே அவ்வரியின் நோக்கம். அந்நோக்கம் நம் அண்டையில் உருப்பெறத் தொடங்கியிருக்கிறது. 2024 சனவரியில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் கைப்பேசி மேற்கண்ணாடி ஆலைக்கு 1,003 கோடி ரூபாயில் ஒப்பந்தமாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் ஒரகடத்தில் திரைத் தொகுப்பு ஆலைக்காக பாக்ஸ்கான் குழுமத்தைச் சேர்ந்த யுழான் நிறுவனத்தின் 13,180 கோடி ரூபாய் முதலீட்டுக்குத் தமிழக அமைச்சரவை இசைவு தந்தது. 14,000 பேருக்கு வேலை என்றார்கள். செங்கற்பட்டிலிருந்து ஒரகடம் கூப்பிடு தூரம் என்பதால் நம் மாணவர்கள் பலர் இதை ஆவலோடு பார்க்கிறார்கள். ஆனால் திரை அருகில் உருவானால் மட்டும் அம்மாவின் செலவு குறைந்துவிடாது என்பது என் எண்ணம். ஆலையில் உருவாகும் தொகுப்பு புதுக் கைப்பேசிக்குள் போகும். அது உதிரியாகவும் கடைக்கு வருமா, யார் கைக்கு என்ன விலையில் வரும் என்பது வேறு கேள்வி.

அக்கேள்வியை உலகில் சிலர் கேட்கத் தொடங்கியுள்ளார்கள். பிரான்சு நாட்டில் 2021 சனவரி முதல் கைப்பேசி விற்கும்போதே அதை எவ்வளவு எளிதில் பழுது பார்க்கலாம் என்பதற்குப் பத்துக்கு இத்தனை என மதிப்பெண் போட வேண்டியிருந்தது. உதிரி உறுப்புகளின் விலையும் அம்மதிப்பெண்ணில் சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 சூன் 20 முதல், ஒரு கைப்பேசியின் விற்பனை நின்ற பிறகும் ஏழாண்டு வரை திரை முதலான உறுப்புகள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று விதி வந்துள்ளது. நம் நாட்டிலும் நடுவண் அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 சூலையில் 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஆராயக் குழு அமைத்தது. மதிப்பெண் முறையை வகுக்கப் பின்னர் அமைந்த மற்றொரு குழு 2025 மே திங்களில் அறிக்கை அளித்தது. நெதர்லாந்தின் ஃபேர்போன் கம்பெனி 2015இல் வெளியிட்ட கைப்பேசியில் திரையை எந்தக் கருவியும் இல்லாமல் வீட்டிலேயே கழற்றி மாட்டலாம். கைப்பேசி கொஞ்சம் தடிப்புத்தான். ஆனால் 'இயலாது' என்ற பேச்சுக்கு அது விடை சொல்லிவிட்டது.

சட்டம் வரும்போது வரட்டும். வாங்குமுன் கேட்பதற்குச் சட்டம் வேண்டியதில்லை. சென்ற தீபாவளிக்கு எங்கள் துறையின் முதலாண்டு மாணவி ஒருத்தி, சேர்த்து வைத்த உதவித்தொகையில் கைப்பேசி வாங்கப் போகும்போது என்னையும் துணைக்கு அழைத்தாள். கடைக்காரர் ஒரே விலையில் மூன்று கைப்பேசிகளை எடுத்து வைத்து, கேமரா, நினைவகம் என்று விவரித்துக்கொண்டே போனார். "அண்ணா, திரை உடைந்தால் இதற்கு எவ்வளவு, இதற்கு எவ்வளவு?" என்று அவள் கேட்டாள். அதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை போலும். சற்று விழித்துவிட்டு, ஒவ்வொரு பழுதகத்துக்கும் தொலைபேசியில் பேசினார். ஒன்றுக்கு 2,700 ரூபாய். மற்றொன்றுக்கு 4,300 ரூபாய். மூன்றாவதற்கு உறுப்பு வந்தால்தான் விலை சொல்ல முடியும் என்றார்கள். முதலாவதை வாங்கிக்கொண்டு, அங்கேயே 100 ரூபாய்க்கு மேற்கண்ணாடியும் ஒட்டச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.